லேசர் பிரிண்டர் டோனர்: வாங்குவது முதல் கழிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிண்ட் சற்று மங்கினால் போதும், "டோனர் தீர்ந்துவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்புவது நம் அலுவலகங்களின் வழக்கம். பழுதுபார்க்கும் மேசைக்கு வந்து சேரும் கார்ட்ரிட்ஜ்களைத் தூக்கிப் பார்த்தால் பலவற்றில் பாதித் தூள் அப்படியே இருக்கும். கோளாறு டிரம்மிலோ ஃபியூசரிலோ இருந்திருக்கும். சில சமயம் மழைக்காலத்தில் பிரித்துப்போட்ட காகிதக் கட்டில் இருந்திருக்கும். செலவு மட்டும் டோனருக்கு ஆகியிருக்கும். அதனால் எதை வாங்குவது என்பதைவிட, எப்போது வாங்கத் தேவையில்லை என்பதற்கே இங்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு இரண்டு வகை பிரிண்டர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020, எம்1005 ஆகியவை அடங்கிய பழைய குடும்பம். பத்திர எழுத்தர் மேசையிலும் ஆடிட்டர் அலுவலகத்திலும் பள்ளி அலுவலகத்திலும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை. மற்றொன்று, பிரதர் எச்எல்-எல்2321டி போல டோனரும் டிரம்மும் தனித்தனியாக வரும் வகை. உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றின் அமைப்புத்தான் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

டோனர் என்பது மை அல்ல, மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஸ்டைரீன் அக்ரிலேட் அல்லது பாலியெஸ்டர் பிசின், கறுப்பு நிறத்துக்குக் கார்பன் பிளாக், பல வகைகளில் காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் மெழுகு, கட்டிதட்டாமல் ஓடுவதற்குச் சிலிக்கா என்று கலந்தது. ஒரு துகளின் அளவு சுமாராக 5 முதல் 10 மைக்ரான்.

அந்தப் பழைய குடும்பத்தின் எச்பி பிரிண்டர்களுக்கு உரிய 12ஏ போன்ற ஒரு கார்ட்ரிட்ஜைத் திறந்தால் தூள் இருக்கும் அறை பாதி இடத்தைத்தான் பிடித்திருக்கும். மீதி முழுவதும் இயந்திரம். பச்சையோ நீலமோ மின்னும் உருளைதான் டிரம். அதன்மேல் உருளும் கறுப்பு ரப்பர் உருளை, கடைக்காரர்கள் பிசிஆர் என்று சொல்வது, டிரம் முழுவதும் சீராக மின்னேற்றம் செய்கிறது. லேசர் ஒளி விழுந்த இடங்களில் அந்த மின்னேற்றம் குறைகிறது. மேக்னட்டிக் ரோலர் தூளைச் சுமந்து வருகிறது. டாக்டர் பிளேடு என்ற பட்டை அந்தத் தூளை மெல்லிய படலமாக வழித்து நிறுத்துகிறது. லேசர் பட்ட இடங்களில் மட்டும் தூள் டிரம்முக்குத் தாவுகிறது. பிரிண்டருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபர் ரோலர் அதைக் காகிதத்துக்கு இழுக்கிறது. காகிதத்துக்கு வராமல் டிரம்மில் மிஞ்சிய தூளை வைப்பர் பிளேடு சுரண்டிக் கழிவுத் தூள் அறையில் தள்ளுகிறது. கடைசியில் ஃபியூசர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூளை உருக்கிக் காகிதத்தோடு ஒட்டவைக்கிறது.

இத்தனை பாகங்களையும் ஒரே பெட்டியில் அடைத்துப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி செய்தது கேனன் நிறுவனம். 1982-இல் வந்த அதன் சிறிய நகலெடுக்கும் இயந்திரங்களில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது. எச்பி 1984-இல் முதல் லேசர்ஜெட்டை வெளியிட்டபோது உள்ளே இருந்ததும் கேனன் செய்த இயந்திரம்தான். அந்த உறவின் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்: கேனன் 303, எச்பி 12ஏ இரண்டும் அமைப்பில் ஒன்றே. கடையில் ஒன்று இல்லையென்றால் மற்றொன்றைக் கேட்கலாம்.

படி 1: கார்ட்ரிட்ஜின் எண்ணைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிண்டரின் பெயரை மட்டும் சொல்லி டோனர் வாங்காதீர்கள். பழைய கார்ட்ரிட்ஜின் மேல் உள்ள எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். எச்பி லேசர்ஜெட் 1010, 1018, 1020, எம்1005 ஆகியவற்றுக்கு 12ஏ. பி1007, பி1008, பி1106, பி1108, எம்1136 ஆகியவற்றுக்கு 88ஏ. எல்பிபி 2900-க்கு 303. பிரதர் எச்எல்-எல்2321டி-க்கு டோனர் டிஎன்-2365, டிரம் டிஆர்-2365.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். எச்பியில் 'ஏ' என்றால் வழக்கமான கொள்ளளவு, 'எக்ஸ்' என்றால் கூடுதல் கொள்ளளவு. 26ஏ-இன் அளவு 3,100 பக்கம். 26எக்ஸ் 9,000 பக்கம். விலை அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. ஆகவே மாதம் ஆயிரம் பக்கம் அடிக்கும் இடத்தில் 'ஏ' வாங்குவது வீண். ஆனால் 'எக்ஸ்' எல்லா இடத்திலும் செல்லாது. 83ஏ பொருந்தும் சில பிரிண்டர்களுக்கு 83எக்ஸ் கிடையாது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றாலும் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பட்டியலில் உங்கள் பிரிண்டரின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: ஒரு பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று கணக்கிடுங்கள்

பெட்டியில் 2,000 பக்கம் என்று போட்டிருந்தால் உங்களுக்கு 2,000 வரும் என்று பொருளல்ல. கறுப்பு வெள்ளை டோனரின் பக்க அளவை ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற தரநிலைப்படி சோதித்துச் சொல்கிறார்கள். சோதனைப் பக்கத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு இடத்தில்தான் கறுப்பு இருக்கும். சாதாரண அலுவலகக் கடிதம் அந்த அளவில் அடங்கும். நெருக்கி அச்சிட்ட பத்திரம் அதைத் தாண்டும். ஆதார் அட்டையை மூடியைத் திறந்துவைத்து நகலெடுத்தால் ஓரம் முழுவதும் கறுப்பாக வருமே, அந்த ஒரு தாள் பல கடிதங்களின் தூளைத் தின்றுவிடும். எம்1005 வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் டோனர் சீக்கிரம் தீர்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மூடியை மூடி நகலெடுங்கள்; பாதிச் சிக்கனம் அங்கேயே வந்துவிடும்.

கணக்கு எளியது. கார்ட்ரிட்ஜின் விலையை நீங்கள் உண்மையில் அடித்த பக்கங்களால் வகுக்க வேண்டும். வாங்கிய தேதியையும் அன்றைய பக்க எண்ணையும் கார்ட்ரிட்ஜின் மேலேயே ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பக்க எண் பிரிண்டரின் தகவல் பக்கத்தில் அல்லது கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரின் நிலைச் சாளரத்தில் கிடைக்கும். விலைகள் ஊருக்கு ஊர் மாறுவதால் எடுத்துக்காட்டுக்கு மட்டும் எண்களை வைத்துப் பார்ப்போம்: 4,000 ரூபாய்க்கு வாங்கியது 2,000 பக்கம் ஓடினால் பக்கத்துக்கு 2 ரூபாய். 800 ரூபாய்க்கு வாங்கிய மலிவான ஒன்று 1,000 பக்கத்தில் நின்றால் 80 காசு. அதில் 100 தாள் கறைபட்டு வீணாகியிருந்தால் அவற்றைக் கழித்துவிட்டு மீண்டும் வகுக்க வேண்டும்; காகிதத்தின் விலையையும் சேர்க்க வேண்டும். அப்படியும் மலிவாகவே இருந்தால் அது உண்மையிலேயே மலிவு.

பிரதர் வகையில் இரண்டு வகுத்தல்கள். டிஎன்-2365 டோனரை 2,600 பக்கத்தாலும் டிஆர்-2365 டிரம்மை 12,000 பக்கத்தாலும் வகுத்துக் கூட்டுங்கள். பிரிண்டர் வாங்கும்போது டிரம்மின் விலையைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஓரிரண்டு ஆண்டு கழித்து அந்தத் தொகையைக் கேட்டதும் "இதற்குப் புதுப் பிரிண்டரே வாங்கலாமே" என்கிறார்கள்.

படி 3: ஒரிஜினலா, கம்பேடிபிளா, ரீஃபிலா

பொதுவான ஒரே பதில் இதற்கு இல்லை. உங்கள் வேலையைப் பொறுத்தது. பதிவு அலுவலகத்துக்குப் போகும் பத்திரம், சான்றிதழ், பல ஆண்டு அலமாரியில் கிடக்க வேண்டிய கணக்குத் தாள் என்றால் ஒரிஜினல் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் எழுத்தின் அழகு அல்ல. மட்டமான தூள் சரியாக உருகாமல் காகிதத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். மடித்த இடத்தில் எழுத்து உதிர்ந்துபோகும். ட்யூஷன் வினாத்தாள், வரைவு, நோட்டீஸ் ஆகியவற்றுக்கு ரீஃபில் தாராளமாகப் போதும்.

கம்பேடிபிள் என்று புதுப்பெட்டியில் வரும் பிற நிறுவனச் சரக்கில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. ஒரே நேரத்தில் ஐந்து வாங்காதீர்கள். ஒன்று வாங்கி முழுவதும் ஓட்டிப்பார்த்து, அதே பெயரில் அடுத்ததை வாங்குங்கள்.

கார்ட்ரிட்ஜைப் பிரிண்டருக்கு அடையாளம் காட்டும் சிப் 12ஏ, 303 இரண்டிலும் கிடையாது. ரீஃபில் தொழில் இந்த அளவுக்கு வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்கால மாடல்கள் பலவற்றில் சிப் வந்துவிட்டது. எச்பியின் சில புதிய பிரிண்டர்கள், எச்பி சிப் இல்லாத கார்ட்ரிட்ஜை மென்பொருள் மூலம் தடுக்கும்படியே விற்கப்படுகின்றன. பெட்டியின்மேல் சிறிய எழுத்தில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். ரீஃபில் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் பிரிண்டர் வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

வெளிச் சரக்கைப் போட்டால் வாரண்டி முழுதும் போய்விடும் என்று விற்பனையாளர்கள் பயமுறுத்துவது உண்டு. எச்பியின் வாரண்டி வாசகம் அப்படிச் சொல்வதில்லை. வெளிக் கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தியதற்காக மட்டும் வாரண்டி ரத்தாகாது. ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜால்தான் பழுது வந்தது என்று தெரிந்தால் அந்தப் பழுதுக்குக் காசு கட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடுதான்.

ரீஃபில் செய்யக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. கழிவுத் தூள் அறையைக் காலி செய்வீர்களா என்பதுதான் முதல் கேள்வி. துளை போட்டுத் தூளை மட்டும் கொட்டி மூடித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது முறை கழிவுத் தூள் அறை நிரம்பி வழிந்து, காகிதத்தின் மேல் கறுப்புப் பொட்டுகளாகக் கொட்டும். அந்தக் கழிவுத் தூளையே மீண்டும் உள்ளே போடுகிறவர்களும் உண்டு. அதில் காகிதத் தூசி கலந்திருக்கும். அப்படிப்பட்ட கடையை அன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்து, எந்த மாடலுக்கு உரிய தூள் என்று கேளுங்கள். 12ஏ-க்குச் சுமார் 100 கிராம் போடுவது வழக்கம். எல்லாத் தூளும் கறுப்புதானே என்று எண்ண வேண்டாம். 12ஏ தூளில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. ஒரு தாளில் சிட்டிகை வைத்து அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூளும் கூடவே எழுந்து நகரும். பிரதர் தூள் காந்தத்துக்கு அசையாது. ஒன்றை மற்றொன்றில் போட்டால் அச்சு முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் வரும், ரோலரும் கெடும்.

டிரம்மை எப்போது மாற்றுவது? இரண்டு அல்லது மூன்று ரீஃபிலுக்கு ஒரு புது டிரம், அதோடு வைப்பர் பிளேடு என்பது என் கணக்கு. தூளின் செலவோடு ஒப்பிட்டால் சற்று அதிகம்தான். ஆனால் தேய்ந்த டிரம்மில் நல்ல தூளைப் போடுவதால் பயன் ஒன்றுமில்லை.

படி 4: போலியைக் கண்டுபிடிப்பது

ஒரிஜினல் விலை கொடுத்துப் போலி வாங்குவதுதான் மூன்றிலும் மோசம். பெட்டி நிஜமானது, உள்ளே ரீஃபில் செய்த பழைய கார்ட்ரிட்ஜ் என்பது அடிக்கடி நடக்கும் ஏமாற்று. பெட்டியின் வாய் ஒட்டிய இடத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை பசை வைத்திருந்தால் அட்டையின் மேல்தோல் உரிந்திருக்கும். பாதுகாப்பு லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் ஹோலோகிராம் உருவம் நகர வேண்டும். அதிலுள்ள க்யூஆர் குறியைச் செல்போனில் ஸ்கேன் செய்யுங்கள். திறக்கும் இணையதளம் நிறுவனத்தினுடையதுதானா என்று முகவரியையும் படியுங்கள், ஏனென்றால் போலிக் குறி போலித் தளத்துக்கே அழைத்துப் போகும். உள்ளே எடுத்ததும் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டுத் திருகுகளில் கீறல் இருக்கிறதா, டிரம்மின் ஓரப் பற்சக்கரத்தில் பழைய தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதியதில் இரண்டும் இருக்காது. பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவு பார்த்தும் பயனில்லை.

படி 5: பொருத்துவது

உறையைப் பிரித்ததும் கார்ட்ரிட்ஜைப் படுக்கை வாட்டத்திலேயே பிடித்து, இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே தூள் சமமாகப் பரவும். பிறகு பக்கவாட்டில் உள்ள டேப்பை நேராக, ஒரே சீராக இழுங்கள். கோணலாக இழுத்து டேப் பாதியில் அறுந்தால் தூள் ஒரு பக்கம் மட்டும் வரும்; தாளின் ஒரு பாதி வெறுமையாகவே இருக்கும். டிரம்மின் மேல் விரல் படக்கூடாது. வெளிச்சத்திலும் வைக்கக் கூடாது. சில நிமிடங்களுக்குமேல் வெயிலில் கிடந்த டிரம் சோர்ந்துவிடும். கதவைத் திறந்துவைத்து வேலை பார்க்கும்போது கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் ஒரு கனத்த துணியால் மூடிவையுங்கள்.

படி 6: கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

இதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கார்ட்ரிட்ஜுக்குப் பணம் எடுக்க வேண்டும்.

தாள் முழுவதும் மங்கலாக இருந்தால் முதலில் டிரைவரில் டோனர் சிக்கன வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் அதை இயக்கிவிட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜை எடுத்து ஆட்டிப் போடுங்கள். சிறிது நேரம் தெளிவாக வந்து மீண்டும் மங்கினால் தூள் தீர்கிறது. ஆட்டியும் மாற்றமே இல்லை என்றால் தூள்மேல் பழி போடாதீர்கள்.

ஒரே மாதிரியான புள்ளியோ கறையோ தாளில் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு ஸ்கேலை எடுங்கள். உருளைகள் சுழல்வதால், எந்த உருளையில் காயம் இருக்கிறதோ அதன் சுற்றளவுதான் கறைகளுக்கு இடையிலான தூரம். 12ஏ, 303 கார்ட்ரிட்ஜ்களில் டிரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். பிசிஆரின் சுற்றளவு 38-ஐ ஒட்டி வரும். 75 வந்தால் டிரம்மில் கீறல். 38 வந்தால் பிசிஆரில் அழுக்கு அல்லது காயம். பிரதர் எச்எல்-எல்2321டி டிரம்முக்கு 94 மில்லிமீட்டர். இந்த எண்களில் எதற்கும் சேராத இடைவெளி என்றால் ஃபியூசர் உருளை, டிரான்ஸ்ஃபர் ரோலர் என்று பிரிண்டரின் பக்கம் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும். புதுக் கார்ட்ரிட்ஜ் அதைச் சரிசெய்யாது.

எழுத்து தெளிவாக வந்து, விரலால் தேய்த்தால் அழிந்துபோனால் அது ஃபியூசரின் வேலை. அல்லது டிரைவரில் காகித வகை தவறாக இருக்கும். தடித்த காகிதத்தைப் போட்டுவிட்டு மெல்லிய காகிதம் என்று அமைப்பில் விட்டிருந்தால் சூடு போதாது. இதற்கு டோனர் மாற்றுவது, முழங்கால் வலிக்கு நெற்றியில் தைலம் தடவுவது மாதிரி.

இன்னும் சந்தேகம் என்றால் பழுதுபார்ப்பவர்கள் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பக்கத்தை அச்சிடக் கொடுத்து, தாள் பாதி உள்ளே போனதும் கதவைத் திறந்துவிடுங்கள். பிரிண்டர் நின்றுவிடும். கார்ட்ரிட்ஜை எடுத்து, தாளை மெதுவாக உருவுங்கள். ஃபியூசரை எட்டாத பகுதியில் எழுத்துகள் வெறும் தூளாக உட்கார்ந்திருக்கும், ஊதினால் கலையும். அந்தத் தூள் எழுத்து திருத்தமாக இருந்தால் கார்ட்ரிட்ஜும் டிரான்ஸ்ஃபர் ரோலரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, குறை ஃபியூசரில். தாளில் மங்கலாகவும் டிரம்மின் மூடியைத் தள்ளிப் பார்த்தால் அங்கே எழுத்து அடர்த்தியாகவும் இருந்தால் டிரான்ஸ்ஃபர் ரோலர் இழுக்கவில்லை. டிரம்மிலேயே மங்கல் என்றால் கார்ட்ரிட்ஜுக்கு உள்ளேதான் குறை, அல்லது லேசரின் கண்ணாடியில் தூசி. முடித்தபிறகு இன்னும் இரண்டு வெற்றுத் தாளை ஓட்டி மிச்சத் தூளை வெளியேற்றிவிடுங்கள்.

நெடுக்காக ஒரே கோடு வந்தால், கறுப்புக் கோட்டுக்கு டிரம்மில் கீறலோ வைப்பர் பிளேடில் அடைப்போ காரணம். வெள்ளைக் கோடு என்றால் டாக்டர் பிளேடில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது லேசர் வரும் வழியில் தூசி நிற்கிறது. பிரதரில் கறுப்புக் கோடு வந்தால் டிரம்மின் மேல் பச்சை நிறத்தில் ஒரு சிறிய பிடி இருக்கும். அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சில முறை தள்ளினால் டிரம்முக்கு மின்னேற்றம் செய்யும் கொரோனா கம்பி உள்ளே துடைபடும். பிடியை அம்புக்குறி இருக்கும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் விட்டால் அதுவே தாளில் புதுக் கோடாக விழும். புது டிரம் வாங்கக் கிளம்பியவர்களை இந்தப் பிடியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தாள் முழுவதும் லேசான சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த டிரம், பொருந்தாத தூள், ஈரக் காற்று என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள்.

திரையில் "டோனர் குறைவு" என்று வந்தவுடன் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பிரிண்டர்கள் தூளை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. அடித்த பக்கங்களையும் புள்ளிகளையும் எண்ணி ஊகிக்கின்றன. பிரதரில் தொடர்ந்து அச்சிடும் முறை என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் எச்சரிக்கைக்குப் பிறகும் கணிசமாக ஓடும். கண்ணுக்கு மங்கும்வரை ஓட்டுங்கள். ஆனால் எச்சரிக்கை வந்த அன்றே அடுத்ததை வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் டோனர் இல்லாமல் நின்றால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

படி 7: சுத்தம்

பிரிண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரைமணி நேரமாவது ஆறவிட்டுத் தொடங்குங்கள். ஃபியூசரில் கை சுட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த, நூல் பிரியாத துணி போதும். உள்ளே படிந்த தூளை ஒற்றி எடுங்கள். டிரான்ஸ்ஃபர் ரோலர் கறுப்பு ஸ்பாஞ்சுபோல் இருக்கும். அதை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை அச்சில் தெரியும். தாள் எடுக்காமல் முரண்டு பிடித்தால் பிக்கப் ரோலரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். ரப்பரின் வழுவழுப்பு போய்விடும். எல்பிபி 2900-இன் பெரும்பாலான "தாள் எடுக்கவில்லை" புகார்கள் இந்த இரண்டு நிமிட வேலையில் தீரும்.

சிந்திய டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பறக்கும். நிலைமின்சாரத்தில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கையில், உடையில் பட்டால் முதலில் தட்டி உதறி, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். அது தூளை இளக்கித் துணியோடு ஒட்டவைத்துவிடும். அடிக்கடி ரீஃபில் செய்கிறவர்கள் முகக்கவசம் இல்லாமல் அந்த மேசையில் உட்காரக் கூடாது. கார்பன் பிளாக்கைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. எப்போதாவது கார்ட்ரிட்ஜ் மாற்றுகிறவர் இதை நினைத்துத் தூக்கம் இழக்க வேண்டாம். நாள் முழுவதும் தூளைக் கொட்டுகிறவர் கவலைப்படத்தான் வேண்டும்.

படி 8: காகிதமும் மின்சாரமும்

டோனரைக் குறைசொல்லும் புகார்களில் பல கடைசியில் காகிதத்தில் வந்து நிற்கின்றன. 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை) காகிதம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போதும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யும் டிஎன்பிஎல் ஆலையின் காப்பியர் ரகம் லேசருக்கு நன்றாகவே ஓடுகிறது. எந்த நிறுவனமானாலும் கட்டைப் பிரித்துவிட்டு அப்படியே வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் காகிதம் ஒரே இரவில் ஈரம் இழுக்கும். ஈரக் காகிதம் ஃபியூசரில் சுருளும், எழுத்து மங்கும், இரண்டு தாள் சேர்ந்து போகும். தட்டில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வைத்து மீதியை உறையோடு மடித்து, காற்றுப் புகாத பையில் போடுங்கள்.

ஸ்டேப்ளர் பின் அடித்த தாளின் மறுபக்கத்தில் அச்சிடும் சிக்கனத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். எல்பிபி 2900 போன்றவற்றின் ஃபியூசரில் சூட்டைத் தாளுக்குக் கடத்துவது மெல்லிய ஒரு உறை, நம் கடைகளில் டெஃப்லான் என்று சொல்வது. ஒரு பின் உள்ளே போனால் அது கிழியும். அரை ரூபாய்க் காகிதத்தை மிச்சம் பிடிக்கப்போய் ஃபியூசர் வேலை வைத்துக்கொள்வார்கள்.

கணினிக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் சொருகாதீர்கள். ஃபியூசர் சூடாகும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. கணினியும் சேர்ந்து அணையும். நேரடியாகச் சுவர் பிளக்கில் கொடுங்கள்.

படி 9: இருப்பு வைப்பது

சிறிய அலுவலகத்துக்குக் கையில் ஒரு கார்ட்ரிட்ஜ் போதும், இரண்டுக்குமேல் வேண்டாம். உறை பிரிக்காமல், படுக்கை வாட்டத்தில், சமையலறைச் சுவரும் மேற்கு வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். கலர் லேசர் வைத்திருப்பவர்கள் எந்த நிறம் சீக்கிரம் தீர்கிறது என்று பார்த்து அதை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நான்கையும் செட்டாக வாங்குவது பெரும்பாலும் விற்பனையாளருக்குத்தான் வசதி.

படி 10: கழிப்பது

காலியான கார்ட்ரிட்ஜைக் குப்பைத்தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தூள் பறக்கும். எரிப்பது அதைவிட ஆபத்து. நுண்தூள் குப்பென்று பற்றும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன் பட்டியலில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்க்கப்பட்டிருக்கிறது. விற்கும் நிறுவனங்கள் அதைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பில் இருக்கின்றன. எச்பி போன்ற நிறுவனங்களின் இணையதளத்தில் திருப்பிக் கொடுக்கும் வழி இருக்கிறது. அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம்.

வாசலுக்கே வந்து காலிக் கார்ட்ரிட்ஜைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிலர் நேர்மையாக ரீஃபில் தொழிலுக்கு எடுக்கிறார்கள். ஆனால் "பெட்டியோடு தந்தால் கூடுதல் விலை" என்று கேட்கிறவர் ஏன் கேட்கிறார் என்பது படி 4-ஐப் படித்தவர்களுக்குப் புரியும். கார்ட்ரிட்ஜை யாருக்குக் கொடுத்தாலும் அதற்குமுன் ஹோலோகிராம் லேபிளைச் சுரண்டிவிடுங்கள், பெட்டியை நான்காகக் கிழித்துப் பழைய பேப்பரோடு தனியாகப் போடுங்கள்.